‘சக்ஸஸ்’ என்று திரும்பி வரும் தவறுகள்

ஏஐ ஏஜென்ட் தன் வேலைக்காக அழைக்கும் கருவிகளை டூல்கள் என்கிறோம். பெரும்பாலான டூல்களைத் தப்பாக அழைத்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். இல்லாத கோப்பைத் திறக்கச் சொன்னால் ‘கோப்பு இல்லை’ என்று பதில் வரும். தேதியைத் தப்பான வடிவில் கொடுத்தால் ஏபிஐ (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம்) ஏற்காமல் திருப்பி அனுப்பும். ஏஜென்ட் அந்தப் பிழையைப் படித்து, திருத்தி, மறுபடி முயலும். அனுமதிகளைக் கையாளும் டூல்களில் இந்த வசதி கிடையாது. படிக்கும் அனுமதி மட்டும் கேட்டவருக்கு எழுதும் அனுமதியும் சேர்ந்து போய்விட்டால், பதில் ‘சக்ஸஸ்’ என்றுதான் வரும். தப்பான குழுவில் சேர்த்தாலும் சக்ஸஸ். கேட்டவர் தன் வேலை முடிந்துவிட்டதென்று போய்விடுவார். எனக்கு அதிகமாகக் கிடைத்துவிட்டது என்று புகார் சொல்ல யாரும் வருவதில்லை. குறைவாகக் கிடைத்தால்தான் டிக்கெட் போடுவார்கள்.

கொஞ்ச காலமாக என் வேலையில் பெரும்பகுதி இதைச் சுற்றித்தான். நிறுவனத்துக்குள் யார் எதைப் பார்க்கலாம், எதை மாற்றலாம் என்ற கோரிக்கைகளை ஒரு ஏஐ ஏஜென்ட் வாங்கி, விசாரித்து, நிறைவேற்றுகிறது. அந்த ஏஜென்டின் கையில் கொடுக்கும் டூல்களுக்கு விளக்கம் எழுதுவது என் பொறுப்பு. நிரலை எழுதி முடித்த பிறகு, போகிற போக்கில் ஒரு வரி சேர்ப்பதுதான் இந்த வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அனுமதி விஷயத்தில் நிரலுக்குச் செலவிடும் நேரத்தைவிட அந்த வரிகளுக்கு அதிக நேரம் போவதுதான் நியாயம் என்பேன். காரணம் மேலே சொன்னதுதான்: தவறு நடந்தபின் திருத்திக்கொள்ள, ஏஜென்டை இயக்கும் மொழி மாடலுக்கு எந்தத் தடயமும் கிடைக்காது. ஆகவே அழைப்பதற்கு முன்பே அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாடலுக்கு என்ன தெரியும் என்று ஒரு கணம் யோசித்துப் பாருங்கள். ஓப்பன்ஏஐ 2023 ஜூனில், மாடல் டூல்களை அழைக்க வழிசெய்யும் ஃபங்ஷன் காலிங்கை அறிமுகப்படுத்தியபோதும் சரி, ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில், டூல்களை ஏஜென்டோடு இணைக்கும் பொது விதிமுறையான எம்சிபி என்கிற மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலை வெளியிட்டபோதும் சரி, அடிப்படை அமைப்பு ஒன்றுதான். டூலின் பெயர், ஒரு விளக்கம், உள்ளீடுகளின் வடிவத்தைச் சொல்லும் ஜேசான் ஸ்கீமா. அவ்வளவுதான். உள்ளே இருக்கும் நிரல் அதற்குத் தெரியாது. விக்கியில் கிடக்கும் ஆவணம் தெரியாது. ‘அந்த ஏபிஐ கொஞ்சம் விவகாரமானது, பார்த்துக்கோ’ என்று பக்கத்து இருக்கைக்காரர் சொல்லிக்கொடுக்கும் பாடமும் தெரியாது. அதற்குப் பதிலாக, பயிற்சியில் படித்த ஆயிரக்கணக்கான மற்ற ஏபிஐக்களின் நினைவு இருக்கிறது. நீங்கள் சொல்லாமல் விட்ட இடத்தையெல்லாம் அந்த நினைவை வைத்து நிரப்பிக்கொள்ளும். பெரும்பாலும் சரியாகவே நிரப்பும். அதுதான் ஆபத்து.

இந்த நிரப்பல் எங்கே பொய்க்கும் என்பதற்கு, ஏஐ வருவதற்கு வெகுநாள் முன்பிருந்தே மனிதர்களைக் கவிழ்த்துவரும் ஒரு இடம் உண்டு. லினக்ஸ் நிர்வாகம் செய்தவர்களுக்கு ‘யூசர்மாட்’ கட்டளை தெரிந்திருக்கும். ஒரு பயனரை இன்னொரு குழுவில் சேர்க்க அதில் பெரிய ‘ஜி’ என்ற விருப்பத்தைக் கொடுப்போம். கூடவே சின்ன ‘ஏ’வையும் கொடுக்க வேண்டும். மறந்துவிட்டால், நீங்கள் சொன்ன குழுவில் அவர் சேர்க்கப்படுவார். ஏற்கெனவே இருந்த மற்ற துணைக் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் நீக்கப்படுவார். அந்தப் பட்டியலில் நிர்வாகிகள் குழுவும் இருந்தால், தன் கணினியிலேயே சூடோ (நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்டும் வசதி) கொடுக்க முடியாமல் நிற்க வேண்டியதுதான். கட்டளை எந்தப் பிழையும் காட்டாது. கையேட்டுப் பக்கத்தில் இது தெளிவாகவே எழுதியிருக்கிறது, படிக்காதவர்தான் மாட்டிக்கொள்வார்.

கூகுள் கிளவுடில் இதே குழி இன்னும் பெரிதாக இருக்கிறது. ‘செட்ஐஏஎம்பாலிசி’ என்ற அழைப்பு (ப்ராஜெக்ட், சேமிப்பகம் போன்ற) ஒரு வளத்தின் மீதான அனுமதிப் பட்டியல் முழுவதையும் புதிதாக எழுதிவிடும். ஒருவரைச் சேர்க்க வேண்டுமென்றால் முதலில் இருக்கும் பட்டியலைப் படித்து, அதில் அவரைச் சேர்த்து, முழுவதையும் திருப்பி எழுத வேண்டும். இடையில் வேறொருவர் மாற்றியிருந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக ‘ஈடேக்’ என்ற அடையாளத்தையும் கூடவே அனுப்ப வேண்டும். வரலாறு தெரிந்தவருக்கு இது சாதாரண நடைமுறை. ஆனால் ‘வளத்துக்கு அனுமதிப் பாலிசியை அமைக்கும்’ என்ற ஒற்றை வரியை மட்டும் பார்க்கும் மாடல் என்ன செய்யும்? ஒரே ஒருவர் பெயர் இருக்கும் பாலிசியை அனுப்பும். அந்தப் பட்டியலில் இருந்த மற்ற எல்லோரும் வெளியே. பதில்? சக்ஸஸ்.

ஆக, அனுமதி டூலின் விளக்கத்தில் முதல் வேலை ‘இது என்ன செய்யும்’ என்று சொல்வதோடு முடிவதில்லை. ‘ஏற்கெனவே இருப்பதை என்ன செய்யும்’ என்பதையும் சொல்ல வேண்டும். சேர்க்கிறதா, மாற்றி எழுதுகிறதா, தொடாமல் விடுகிறதா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாத விளக்கத்தை நான் ஏற்பதில்லை.

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு டூல், பெயர் ‘செட்_ரோல்ஸ்’. ரோல் என்றால் அனுமதிகளின் ஒரு தொகுப்பு. முதலில் அதற்கு இருந்த விளக்கம் இது:

“பயனருக்கு ரோல்களை அமைக்கும்.”

இப்போது இருப்பது:

“ஒரு பயனருக்கு ஒரு ப்ராஜெக்டில் நேரடியாகக் கொடுக்கப்பட்டுள்ள ரோல்கள் முழுவதையும், அனுப்பப்படும் பட்டியலால் மாற்றி எழுதும். பட்டியலில் இல்லாத ரோல்கள் அவரிடமிருந்து போய்விடும். காலிப் பட்டியல் அனுப்பினால் எல்லாம் போய்விடும். குழு வழியாக வந்த ரோல்களை இது தொடாது. ஒரு ரோலை மட்டும் சேர்க்க ஆட்_ரோல், ஒன்றை மட்டும் எடுக்க ரிமூவ்_ரோல் உண்டு. அவை இருக்கும்போது இதைப் பயன்படுத்தத் தேவையில்லை. பயனரின் ரோல்கள் முழுவதும் ஒரு குறிப்பிட்ட பட்டியலாகவே இருக்க வேண்டும் என்று கோரிக்கையில் சொல்லியிருந்தால் மட்டும் இதை அழைக்கவும். பதிலில் முன்பிருந்த பட்டியலும் இப்போதைய பட்டியலும் வரும்.”

நீளம்தான். ஆனால் இதில் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு யூகத்தை அடைக்கிறது. காலிப் பட்டியல் பற்றிய வாக்கியம் எதற்கென்றால், ‘மாற்றம் வேண்டாம்’ என்பதைக் காலிப் பட்டியலாக அனுப்பும் பழக்கம் பல ஏபிஐக்களில் இருக்கிறது. குழு பற்றிய வாக்கியம் இல்லையென்றால், காலியாக எழுதிவிட்டு ‘இவருக்கு இனி எந்த அனுமதியும் இல்லை’ என்று ஏஜென்ட் தைரியமாக அறிவிக்கும். கடைசி வரி, அழைத்த பிறகு தான் செய்ததைத் தானே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழி.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒரு கேள்வி வரத்தான் செய்யும்: இந்த டூலை ஏஜென்டுக்குக் கொடுத்தே ஆக வேண்டுமா? விளக்கம் இவ்வளவு பாடுபட வேண்டியிருந்தால் டூலின் வடிவமைப்பில்தான் கோளாறு. ஆட்_ரோல், ரிமூவ்_ரோல் இரண்டையும் கொடுத்துவிட்டு செட்_ரோல்ஸை எடுத்துவிடுவதே உத்தமம். கூகுளின் கட்டளைவரிக் கருவியிலும் முழுப் பாலிசியை மாற்றும் கட்டளையோடு ஒரே ஒரு பிணைப்பை (ஒருவருக்கு ஒரு ரோலைக் கட்டும் பதிவை) மட்டும் சேர்க்கும் தனிக் கட்டளை இருக்கிறது. அந்த மாதிரி சின்னக் கருவிகள் இருந்தால் விளக்கமும் சின்னதாகிவிடும். நல்ல விளக்கம் எழுத உட்காரும்போது பாதி நேரம் டூலைத்தான் திருத்திக்கொண்டிருப்போம். அது வீண் இல்லை.

அடுத்து, நீக்குவது. கொடுப்பதைவிட எடுப்பது எளிது என்று தோன்றும். உண்மையில் பொய் அதிகம் சொல்லப்படும் இடம் இதுதான். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒருவரிடமிருந்து ஒரு அட்டவணையைப் படிக்கும் உரிமையை ‘ரிவோக்’ செய்கிறீர்கள். கட்டளை வெற்றி. ஆனால் அதே உரிமை ‘பப்ளிக்’குக்கு, அதாவது எல்லோருக்கும், கொடுக்கப்பட்டிருந்தாலோ, அவர் உறுப்பினராக இருக்கும் இன்னொரு ரோலுக்கு இருந்தாலோ, அவர் வழக்கம்போல் படித்துக்கொண்டே இருப்பார். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் அமைப்பின் ஆர்பாக் (ரோல் வழியாக அனுமதி தரும் முறை) முழுக்கக் கூட்டல் முறை; ‘இவருக்கு மட்டும் கூடாது’ என்று மறுக்கும் விதியே அதில் கிடையாது. ஒரு பிணைப்பை எடுத்தாலும் இன்னொரு பிணைப்பு அதையே கொடுத்துக்கொண்டிருக்கலாம். அமேசான் கிளவுடின் அனுமதி அமைப்பான ஐஏஎம் இதற்கு நேர்மாறு: வெளிப்படையான மறுப்பு ஒன்று இருந்தால், எத்தனை அனுமதிகள் இருந்தாலும் மறுப்புதான் ஜெயிக்கும். ‘அனுமதி’ என்ற ஒரே பேச்சு, மூன்று இடங்களில் மூன்று கணக்கு. எந்தக் கணக்கில் நிற்கிறோம் என்பதை மாடல் யூகிக்க விடலாமா?

காலம் ஒரு தனிச் சிக்கல். அமேசானில் ஒரு ரோலை யார் ஏற்கலாம் என்ற நம்பிக்கைப் பட்டியலிலிருந்து ஒருவரை எடுத்துவிட்டாலும், அவர் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் தற்காலிகச் சான்றுகள் காலாவதியாகும் வரை வேலை செய்யும். அமைப்பைப் பொறுத்து அது 15 நிமிடமாகவும் இருக்கலாம், 12 மணி நேரமாகவும் இருக்கலாம். கொடுத்த இடத்தைக் கேட்காமலே சரிபார்க்கப்படும் டோக்கன்களை (அடையாளச் சீட்டுகளை) கொடுக்கும் அமைப்புகள் பலவற்றிலும் இந்தக் கதைதான். வேலையை விட்டுப் போகிறவரின் அனுமதியை ‘இப்போதே’ எடு என்று ஒரு மேலாளர் கேட்கிறார். ஏஜென்ட் ‘எடுத்தாயிற்று’ என்கிறது. டூல் சொன்னதைத்தான் அது சொன்னது. டூல் சொன்னதும் உண்மைதான். மேலாளர் புரிந்துகொண்டதுதான் உண்மையில்லை.

அதனால் நீக்கும் டூல்களின் விளக்கத்தில், எது நீங்காது என்பதற்கு எது நீங்கும் என்பதைவிட அதிக இடம் கொடுக்கிறேன். “நேரடியாகக் கொடுத்த ரோலை மட்டும் நீக்கும். குழு வழியாக அதே அணுகல் இருந்தால் அது தொடரும். திறந்திருக்கும் செஷன்களை மூடாது. அதற்கு எண்ட்_செஷன்ஸ் தனியாக உண்டு. இந்தப் பயனருக்கு இனி அணுகல் இல்லை என்று சொல்வதற்கு முன் செக்_அக்செஸ் மூலம் சரிபார்க்கவும்.” இதற்குப் பிறகு ஏஜென்டின் பதில்களே மாறிவிடுகின்றன. ‘அனுமதி நீக்கப்பட்டது’ என்று இருந்த இடத்தில், ‘நேரடி ரோலை எடுத்துவிட்டேன், ஆனால் தரவுக் குழு வழியாக அவரால் இன்னும் படிக்க முடியும், குழுவிலிருந்தும் எடுக்கவா?’ என்று கேள்வி வருகிறது. இந்தக் கேள்வி ஒன்றுக்காகவே அந்த ஐந்து வாக்கியங்களும் தகும்.

செக்_அக்செஸ் மாதிரி, ‘இன்னார் இன்ன வளத்தில் இப்போது உண்மையில் என்ன செய்ய முடியும், எந்த வழியாக’ என்று காட்டும் ஒரு டூல் இல்லாமல் அனுமதி ஏஜென்டே வேண்டாம் என்பது என் கட்சி. கொடுத்தவற்றின் பட்டியலை மட்டும் காட்டும் டூலை அந்த இடத்தில் வைக்கக்கூடாது. இரண்டும் வேறு. கொடுத்தது ஒரு கணக்கு, விளைவாகக் கிடைப்பது இன்னொரு கணக்கு. இரண்டு டூலும் இருந்தால், ஒவ்வொன்றின் விளக்கத்திலும் மற்றதன் பெயரைச் சொல்லிப் பிரித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பட்டியல் பெயர் சுருக்கமாக இருக்கிறதென்று மாடல் அதையே எடுத்துக்கொள்ளும்.

பெயர்கள் என்றதும் நினைவுக்கு வருகிறது. கூகுள் கிளவுடில் ‘ஆல்ஆதென்டிகேட்டட்யூசர்ஸ்’ என்று ஒரு மதிப்பு உண்டு. அடையாளம் சரிபார்க்கப்பட்ட எல்லாப் பயனர்களும் என்று படித்ததும், ‘நம் நிறுவனத்தில் லாகின் செய்தவர்கள்’ என்று தோன்றும். உண்மையில் கூகுள் கணக்கு வைத்திருக்கும் யாராக இருந்தாலும் அதில் அடக்கம். கூகுளின் குபர்னெட்டிஸ் சேவையில் ‘சிஸ்டம்:ஆதென்டிகேட்டட்’ என்ற குழுவுக்கும் இதே பொருள் இருப்பதைச் சுட்டிக்காட்டி, கிளவுட் பாதுகாப்பு நிறுவனமான ஓர்கா செக்யூரிட்டி 2024 ஜனவரியில் ஒரு அறிக்கை வெளியிட்டது. அந்தக் குழுவுக்கு ரோல்களைக் கட்டிவைத்திருந்த கிளஸ்டர்களை (சர்வர் தொகுதிகளை) யார் வேண்டுமானாலும் தட்டலாம் என்ற நிலை. அனுபவமுள்ள பொறியாளர்களே பெயரைப் பார்த்து ஏமாந்த இடத்தில், மாடல் ஏமாறாது என்று எதிர்பார்ப்பது பேராசை. உள்ளீட்டு மதிப்புகள் ஒரு நிலையான பட்டியலாக இருந்தால், ஒவ்வொரு மதிப்புக்கும் அருகிலேயே ஒரு வரி எழுத வேண்டும். ‘எடிட்டர்’ என்றால் நீக்கவும் முடியுமா? ‘வியூவர்’ என்றால் பதிவிறக்கவும் முடியுமா? ‘மேனேஜர்’ மற்றவர்களுக்கு அனுமதி கொடுக்கலாமா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். மற்றவருக்குக் கொடுக்கும் உரிமையோடு வரும் ரோலை மற்ற ரோல்களோடு ஒரே பட்டியலில், ஒரே தொனியில் வைத்தால், மாடலின் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான்.

எம்சிபியில் டூலோடு சில குறிப்புகளையும் சேர்க்கலாம் என்று 2025 மார்ச் பதிப்பில் கொண்டுவந்தார்கள். படிக்க மட்டும் செய்கிறதா, அழிக்கக்கூடியதா, ஒரே உள்ளீட்டோடு இரண்டாம் முறை அழைத்தால் கூடுதல் விளைவு உண்டா, வெளியுலகோடு பேசுகிறதா என்று நான்கு. நல்ல விஷயம்தான். ஆனால் அனுமதி டூல்களுக்கு ‘அழிக்கக்கூடியது’ என்ற குறிப்பு தலைகீழாகப் பொருந்துகிறது. அதை ‘இல்லை’ என்று வைத்தால், இந்த டூல் எதையும் சேர்க்க மட்டுமே செய்யும் என்று பொருள். பெரும்பாலான வேலைகளில் சேர்ப்பது பாதுகாப்பானது, அழிப்பது ஆபத்தானது. அனுமதியில் சேர்ப்பதுதான் ஆபத்து! ஒருவருக்கு நிர்வாகி ரோல் கொடுப்பது எதையும் அழிப்பதில்லை. இலக்கணப்படி அது வெறும் கூட்டல். அந்தக் குறிப்பை மட்டும் பார்த்து ‘அழிக்காத டூல்களுக்கு ஒப்புதல் கேட்க வேண்டாம்’ என்று அமைத்திருக்கும் கிளையன்ட் (ஏஜென்டை ஓட்டும் செயலி), நிர்வாகி ரோலைக் கேட்காமலே கொடுத்துவிடும், படிக்கும் அனுமதியை எடுப்பதற்கு மட்டும் பொத்தானை அழுத்தச் சொல்லும். குறிப்புகளை நம்பி விளக்கத்தைச் சுருக்கிவிடாதீர்கள். ‘இதனால் கிடைக்கும் அணுகல் மூலம் பயனர் என்னென்ன செய்ய முடியும்’ என்பதை வாக்கியமாக எழுதினால்தான் அந்தக் கனம் மாடலுக்குத் தெரியும்.

கட்டாய உள்ளீடுகள் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ‘எவ்வளவு காலத்துக்கு’ என்ற உள்ளீட்டை விருப்பத்துக்கு விட்டால் மாடல் பெரும்பாலும் அதைத் தொடாது, அனுமதி நிரந்தரமாகிவிடும். சால்ட்சரும் ஷ்ரோடரும் கணினிப் பாதுகாப்பு பற்றி 1975இல் எழுதிய கட்டுரையில், எதுவும் சொல்லப்படாத நிலையில் மறுப்பே இயல்பாக இருக்க வேண்டும் என்று ஒரு கொள்கையை வைத்தார்கள். ஐம்பது வருடம் பழையது. இன்றும் அதை மிஞ்ச ஒன்றும் வரவில்லை. காலத்தைச் சொல்லாவிட்டால் சர்வரே ஒரு குறுகிய காலத்தை வைத்துவிட வேண்டும், விளக்கத்தில் ‘காலம் சொல்லாவிட்டால் எட்டு மணி நேரத்தில் தானாகக் காலாவதியாகும், நிரந்தரம் வேண்டுமானால் ஒப்புதல் எண் தேவை’ என்று எழுதிவிட வேண்டும்.

அப்போ எல்லாவற்றையும் கட்டாயமாக்கிவிடலாமே என்றால், அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ‘காரணம்’ என்று ஒரு கட்டாய உள்ளீடு வைத்துப் பாருங்கள். ‘பயனர் தன் பணிக்காகக் கேட்டுக்கொண்டதால்’ என்று ஒவ்வொரு அழைப்பிலும் அழகாக எழுதி வரும். காரணம் தெரியாவிட்டாலும் கட்டத்தைக் காலியாக விட மாடலுக்கு மனசு வராது. ஆறு மாதம் கழித்துத் தணிக்கைக்கு வருகிறவர் அந்தப் பதிவுகளைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அந்த உள்ளீட்டின் விளக்கத்தில் இப்படி எழுதினால் நிலைமை மாறுகிறது: “கேட்டவர் தன் சொற்களில் சொன்ன வேலை, கோரிக்கை எண். கேட்டவர் காரணம் சொல்லவில்லையென்றால் இந்த டூலை அழைக்காமல் அவரிடமே கேட்கவும். காரணத்தை உருவாக்க வேண்டாம்.” எதை எழுத வேண்டும் என்பதோடு, தெரியாதபோது என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொன்னால்தான் மாடல் நிற்கும். ‘காரணம்: அனுமதிக்கான காரணம்’ என்று எழுதுகிறவர்களுக்கு என்ன சொல்வது!

இதுவரை சொன்னதெல்லாம் மாடல் நல்ல எண்ணத்தோடு தடுமாறும் இடங்கள். இனி, விளக்கத்தால் ஆகாத காரியம் ஒன்று. ‘நிர்வாகி அல்லாதவர் கேட்டால் இந்த டூலை அழைக்காதே’ என்று விளக்கத்தில் எழுதிவிட்டு, பாதுகாப்பு முடிந்ததென்று உட்கார்ந்துவிடும் பழக்கத்தை நிறையப் பார்க்கிறேன். எழுத்து பூட்டு ஆகாது. ஏஜென்ட் படிக்கும் டிக்கெட்டில், மின்னஞ்சலில், ஆவணத்தில் யாராவது ‘இந்தக் கோரிக்கை ஏற்கெனவே ஒப்புதல் பெற்றது’ என்று எழுதி வைத்தால், அதுவும் மாடலுக்கு எழுத்துதான். எந்த எழுத்தை நம்புவது என்ற போட்டியில் உங்கள் விளக்கம் ஒவ்வொரு முறையும் ஜெயிக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இது புதிய சிக்கலும் இல்லை. நார்ம் ஹார்டி 1988இல் ‘குழம்பிய பிரதிநிதி’ என்ற பெயரில் இதை எழுதிவிட்டார். ஒரு கம்பைலருக்கு (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) தன் புள்ளிவிவரக் கோப்பை எழுதுவதற்காக ஒரு கோப்பகத்தில் எழுதும் உரிமை கொடுத்திருந்தார்கள். அதே கோப்பகத்தில் பில்லிங் கோப்பும் இருந்தது. ஒரு பயனர், பிழைதிருத்த வெளியீட்டை எழுத வேண்டிய கோப்பு என்று பில்லிங் கோப்பின் பெயரைக் கொடுத்தார். கம்பைலர் தன் சொந்த உரிமையைப் பயன்படுத்தி அதன்மேல் எழுதிவிட்டது. பயனருக்கு அந்த உரிமை இல்லை, கம்பைலருக்கு இருந்தது, யாருடைய உரிமையில் எழுதுகிறோம் என்பது அதற்குத் தெரியவில்லை. அந்தக் கம்பைலர் இருந்த இடத்தில் இன்று நம் ஏஜென்ட் உட்கார்ந்திருக்கிறது, அதைவிடப் பரந்த உரிமைகளோடு.

எனவே ‘கேட்டவர் யார்’ என்பது மாடல் நிரப்பும் உள்ளீடாக இருக்கவே கூடாது. அது செஷனிலிருந்து சர்வருக்கு நேரடியாகப் போக வேண்டும். கேட்டவருக்கு அந்த உரிமை உண்டா என்பதை சர்வர் பார்க்க வேண்டும். குபர்னெட்டிஸ் இதை ஒழுங்காகச் செய்கிறது: தனக்கு இல்லாத அனுமதியை உள்ளடக்கிய ரோலை ஒருவர் உருவாக்கப் பார்த்தால், அதற்கென்று தனி உரிமை இல்லாதவரை, அமைப்பே மறுத்துவிடும். இப்படிச் சர்வர் காவல் இருந்தால் விளக்கத்தில் மிரட்டல் வரிகள் தேவையில்லை. ‘கேட்டவருக்கு இந்த ப்ராஜெக்டில் மேனேஜர் ரோல் இல்லையென்றால் சர்வர் மறுக்கும்; அப்போது யாரிடம் ஒப்புதல் கேட்க வேண்டும் என்பது பதிலில் வரும்’ என்று நடப்பதைச் சொன்னால் போதும். மறுப்பு வந்ததும் வேறு டூல் வழியாகச் சுற்றிவர முயலாமல், ஒப்புதல் தருபவரின் பெயரைக் கேட்டவரிடம் சொல்லும். பிழைச் செய்தியும் ஒரு விளக்கம்தான், சரியான நேரத்தில் படிக்கப்படும் விளக்கம். ‘403’ (அனுமதி மறுப்புக்கான எண்) என்று மட்டும் அனுப்புவது அந்த வாய்ப்பை வீணாக்குவது.

விளக்கமே தாக்குதலுக்கு வழியாகலாம் என்பதையும் மறக்கக்கூடாது. வெளியார் எழுதிய எம்சிபி சர்வரின் டூல் விளக்கத்துக்குள் ரகசியக் கட்டளைகளை ஒளித்து வைத்து, அதே ஏஜென்டிடம் உள்ள மற்ற டூல்களைத் தவறாகப் பயன்படுத்த வைக்க முடியும் என்று ஏஐ பாதுகாப்பு நிறுவனமான இன்வேரியன்ட் லேப்ஸ் 2025 ஏப்ரலில் காட்டியது. அனுமதி டூல்கள் இருக்கும் ஏஜென்டில் ஊர்பேர் தெரியாத சர்வர்களை இணைக்க வேண்டாம். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

சரி, எழுதிய விளக்கம் தேறுமா என்று எப்படிப் பார்ப்பது? சுத்தமாக எழுதப்பட்ட கோரிக்கைகளை வைத்துச் சோதித்தால் எல்லாம் தேறிவிடும். மனிதர்கள் அப்படிக் கேட்பதில்லை. நிஜத்தில் அதிகம் வரும் கோரிக்கை இதுதான்: ‘என் டீமில் புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார், அவருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன இருக்கிறதோ அதையே கொடுத்துவிடுங்கள்.’ கேட்பதற்கு எவ்வளவு எளிமை. அந்தப் பக்கத்து ஆள் பல வருடமாக அங்கே இருப்பவர். மூன்று டீம் மாறியவர். எப்போதோ ஒரு நள்ளிரவில் சர்வர் விழுந்தபோது கொடுத்த நிர்வாகி ரோல் இன்னும் அவரிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவருடைய பட்டியலைப் படித்து அப்படியே புதியவருக்கு ஆட்_ரோல் செய்வது ஏஜென்டுக்கு ஒரு நொடி வேலை, ஒவ்வொன்றுக்கும் சக்ஸஸ். இதற்காக ஆட்_ரோல் விளக்கத்தில் ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டியிருந்தது: “இன்னொரு பயனரின் ரோல்களை முன்மாதிரியாகக் காட்டிக் கேட்டால், அந்தப் பட்டியலைக் கேட்டவருக்குக் காட்டி, எவை தேவை என்று தேர்ந்தெடுக்கச் சொல்லவும்; மொத்தமாக நகலெடுக்க வேண்டாம், ஏனென்றால் பழைய பயனர்களிடம் காலாவதியான ரோல்கள் இருப்பது வழக்கம்.” அந்த ‘ஏனென்றால்’ முக்கியம். காரணம் சொல்லாத தடையை மாடல் அந்த ஒரு சூழலுக்கு மட்டும் பொருத்திக்கொள்கிறது. காரணத்தோடு சொன்னால், ‘பழைய டீமில் இருந்த அதே அனுமதிகளைத் திருப்பிக் கொடு’ என்று வேறு வடிவில் வரும் கோரிக்கையிலும் பட்டியலைக் காட்டிக் கேட்கிறது.

இந்த மாதிரி அரைகுறைக் கோரிக்கைகளை அவ்வப்போது சேர்த்து வைத்துக்கொள்கிறேன். ‘அவரை எடுத்துவிடு’ (எதிலிருந்து?), ‘எல்லோரும் பார்க்கிற மாதிரி வை’ (எந்த எல்லோரும்?), ‘போன வாரம் கொடுத்ததையே மறுபடி கொடு’. நிஜ அனுமதிகளைத் தொடாத சோதனைச் சூழலில் ஓடவிட்டு, ஏஜென்ட் கடைசியில் என்ன சொன்னது என்பதைவிட, எந்த டூலை எந்த உள்ளீட்டோடு அழைத்தது என்பதைத்தான் பார்ப்பேன். பேச்சு எப்போதும் பதவிசாக இருக்கும். அழைப்பில்தான் குணம் தெரியும். தப்பான டூலை எடுத்திருந்தால், அந்த டூலின் விளக்கத்தைவிட எடுக்காமல் விட்ட டூலின் விளக்கத்தில்தான் பெரும்பாலும் குறை இருக்கும். தன்னை எப்போது தேட வேண்டும் என்று அது சொல்லியிருக்காது.

மாடல் மாறும்போதெல்லாம் இந்தச் சோதனைகளைத் திரும்ப ஓட்ட வேண்டும், விளக்கத்தில் ஒரு எழுத்து மாறாவிட்டாலும். பழைய மாடலுக்காக ‘கண்டிப்பாக’, ‘ஒருபோதும்’, ‘மிக முக்கியம்’ என்று கத்தி எழுதிய வரிகள், சொன்னதைச் சொன்னபடி கேட்கும் புதிய மாடலை அளவுக்கு மீறிப் பயமுறுத்திவிடும். யாருக்கு என்ன ரோல் இருக்கிறது என்று பட்டியலைக் காட்டுவதற்குக்கூட ஒப்புதல் எண் கேட்க ஆரம்பிக்கும். கேட்டவர்கள் பொறுமையிழந்து, தெரிந்த நிர்வாகிக்கு நேரடியாகச் செய்தி அனுப்பி வேலையை முடித்துக்கொள்வார்கள். அந்த வழியில் போகும் அனுமதிகளுக்குக் காலாவதியும் கிடையாது, காரணமும் பதிவாகாது. அப்போது எந்த வரி இந்தப் பயத்தைக் கிளப்புகிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, கத்தலை அழித்து, அந்த இடத்தில் சாதாரணமாகக் காரணத்தை எழுதிவிட்டு, சோதனைகளை மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டியதுதான்.